இழுவையில் திறக்க வேண்டும்

இந்தச் சோழகக் காற்று முடிந்ததும் கைட்போர்டிங் பயிற்சி கொடுப்பதை நிறுத்துகிறேன். பார்களையும் லைன்களையும் பழுதுபார்க்கும் மேசை என்னோடுதான் இருக்கும். கற்பிட்டிக் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாணவரின் ஹார்னஸைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் வேலையைத்தான் இளையவர்களிடம் விடுகிறேன். விடும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது, ஆபத்தில் ஆளைக் கைட்டின் இழுவையிலிருந்து கழற்றிவிடும் ரிலீஸைப் பற்றியது.

இப்போது ரிலீஸ் சொல்லிக்கொடுப்பது இப்படி நடக்கிறது. காய்ந்த மணலில் மாணவரை நிறுத்துகிறார்கள். பாரின் லூப்பை ஹார்னஸின் கொக்கியில் மாட்டுகிறார்கள். கைட் இன்னும் பைக்குள் இருக்கிறது. "சிவப்ப முன்னால தள்ளுங்க" என்கிறார் பயிற்றுநர், ரிலீஸின் உறையைக் காட்டி. மாணவர் தள்ளுகிறார், திறக்கிறது. பூட்டிவிட்டு இன்னொரு தடவை தள்ளச் சொல்கிறார்கள். அவ்வளவுதான், கைட்டுக்குக் காற்றடிக்கப் போய்விடுகிறார்கள். பாரமில்லாத லூப் திறந்ததைப் பார்த்துவிட்டு, பாரம் ஏறினாலும் அது திறக்கும் என்று நம்புகிறார்கள். ஆபத்து வரும் நொடியில் கை தானாக அங்கே போகும் என்றும் நம்புகிறார்கள். இரண்டையும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எங்கள் கொட்டிலின் குறுக்கே ஓர் உத்திரம் இருந்தது. மாணவரை ஹார்னஸோடு அதில் தொங்கவிட்டு, உடம்பின் முழுப் பாரமும் லூப்பில் நிற்கும்போது திறக்கச் சொல்வேன். திறந்தால் ஒரு சாண் கீழே மணலில் கால் ஊன்றும். சென்ற பருவத்தில் முதலாளிகள் அந்த உத்திரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் எடுக்கும் படங்களில் அது அசிங்கமாகத் தெரிகிறதாம், பாடத்துக்குரிய நேரத்தையும் தின்கிறதாம். "இப்ப வாற பார் எல்லாம் ஐஎஸ்ஓ பரிசோதனை முடிச்சுத்தான் வருது அண்ணன், தொங்கிப் பார்க்கத் தேவையில்ல" என்றான் கூட வேலை செய்த தம்பி ஒருவன். காற்றில் அழகாக ஏறுகிறவன், மாணவர்கள் அவனை விரும்புகிறார்கள். இதை முதலில் அவனுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தரநிர்ணயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது வந்த பாதை எனக்குத் தெரியும். பிரான்ஸைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகென்யூ சகோதரர்கள் காற்றடைத்த முன்விளிம்புள்ள கைட்டுக்கு 1984இல் காப்புரிமை பதிந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் விப்பிக்கா என்ற பெயரில் அது கடைகளுக்கு வந்தபோது லைன் இரண்டே இரண்டு. பாரைக் கை பிடித்திருக்கும் வரைதான் இழுவை உடம்புக்கு வரும். பிறகு நான்கு லைன் வந்தது, லூப் வந்தது, இழுவை முழுவதும் கையிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. மணிக்கணக்கில் ஓட முடிந்தது அதனால்தான். கையை விட்டாலும் கைட் ஆளை விடாத நிலையும் அதோடு வந்தது. 2002இல் ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவில் ஸில்கே கோர்ல்ட் என்ற வீராங்கனையின் கைட் இன்னொருவர் கைட்டோடு சிக்கியது. அவரால் தன்னைக் கழற்றிக்கொள்ள முடியவில்லை, இறந்துபோனார். தேர்ந்த போட்டியாளருக்கே அப்படி நேர்ந்ததால், ரிலீஸ் இருந்தால் நல்லது என்று இருந்த பேச்சு, இல்லாமல் கரையை விட்டு இறங்காதே என்று மாறியது.

ஆரம்பத்தில் பாய்ப்படகுகளில் இருக்கும் இழுப்பு ஷேக்கிளை எடுத்துப் பாரில் போட்டார்கள். சிறு மணி ஒன்றைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் ஊசி கழன்று திறக்கும். மேசையில் நன்றாக வேலை செய்யும். கைட் ஆளை முன்னால் பறித்துக்கொண்டு போகும்போது, அதற்கு எதிராகக் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மணியைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். ஆகவே தள்ளித் திறக்கும் உறை வந்தது. கைட் இழுக்கும் திசையிலேயே கை போகிறது, கைப்பிடி முழுவதும் உறையைப் பற்றுகிறது, விரலால் எதையும் தேட வேண்டியதில்லை. 2005இல் 'போ' என்ற வில்வடிவக் கைட் வந்து, பாரை விட்டாலே பெரும்பங்கு இழுவை வடிந்துபோகும் என்ற நிலை வந்தது. ரிலீஸைத் தொடுகிற தேவை குறைந்தது. கையும் அதை மறந்தது. சோம்பல் அங்கிருந்துதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. 2020இல் ஐஎஸ்ஓ 21853 வந்தது. கைட்போர்டிங் ரிலீஸ் எப்படி இருக்க வேண்டும், எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று சர்வதேச அளவில் எழுதிவைத்த தரம். நல்ல காரியம். ஆனால் பரிசோதனைச்சாலையில் அவர்கள் சோதித்தது புதிய பாரை. எங்கள் களப்பில் இரண்டு சோழகமும் ஒரு வாடையும் கண்ட பாரை எந்தப் பரிசோதனைச்சாலையும் பார்த்ததில்லை. அதைப் பிடிக்கப்போகும் கையையும் பார்த்ததில்லை.

என் பெரியப்பா கைட்டைத் தொட்டவர் இல்லை. வெளிக்கடலுக்கு வள்ளம் ஓட்டியவர். ரிலீஸ் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். பிறகு நான் முடித்த பயிற்றுநர் வகுப்பில் அதற்கு மேல் ஒன்றும் சேரவில்லை என்றே சொல்வேன்.

நங்கூரம் கடலடிப் பாறையில் சிக்கிக்கொண்டு, கடலும் ஏறி வந்தால், முன்னணியத்தில் கட்டிய கயிற்றை ஒரே இழுப்பில் விட்டாக வேண்டும். விடாவிட்டால் முன்னணியம் தாழும், அடுத்த அலை உள்ளே ஏறும். அதற்கென்று ஓர் இழுப்பு முடிச்சு வைத்திருந்தார். அதைக் கட்டக் கற்றுக்கொடுக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவிழ்க்கக் கற்றுக்கொடுத்ததுதான் நாட்கணக்கில் போனது. கயிற்றின் மறுநுனியை இரண்டு பெரிய ஆட்கள் பிடித்து, காலை மணலில் ஊன்றி இழுப்பார்கள். அந்த இழுவையில் நாங்கள் அவிழ்க்க வேண்டும். சும்மா கிடந்தபோது பூப்போல அவிழ்ந்த முடிச்சு, ஆள் இழுக்கும்போது கல்லாகிவிடும். எங்கே பிழை என்று அவர் சொல்ல மாட்டார். "திரும்பக் கட்டு" என்பார். கட்டுவோம், இழுப்பார்கள், அவிழாது. ஒற்றைச் சுற்றுக்குப் பதில் இரட்டைச் சுற்றுப் போட்டால் பாரத்தைச் சுற்றே வாங்கிக்கொள்ளும், முடிச்சுக்கு மிச்சம்தான் வரும் என்பது எங்களுக்கே பிடிபடும் வரை விட்டுவைத்தார்.

பிடிபட்ட பிறகு கயிற்றை நனைத்து மணலில் புரட்டிக் கொடுத்தார். மறுபடி அவிழவில்லை. அதுவும் சரிவந்த பிறகு, வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். கடல் ஏறுகிற நேரத்தில் வலக்கை வள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவிழ்ப்பதற்கு மிஞ்சுவது இடக்கை என்றார். கத்தியை எங்களிடம் தரவே இல்லை. கத்தி கையில் இருந்தால் முடிச்சைப் படிக்க மாட்டீர்கள் என்பதுதான் காரணம். "இழுவையில அவுறாத முடிச்சு, கட்டாத முடிச்சுக்குச் சமன்" என்று அவர் சொன்னதை மாணவர்களுக்கு நான் எத்தனையோ மொழியில் சொல்லியிருக்கிறேன்.

ரிலீஸை முதன்முதல் பிரித்துப் பார்த்தபோது அவருடைய இரட்டைச் சுற்றுத்தான் உள்ளே இருந்தது. நல்ல ரிலீஸில் பாரம் முழுவதையும் ஊசியோ நெம்புகோலோ தாங்குகிறது. உறை அந்த ஊசியைப் புரளவிடாமல் மூடி மட்டுமே நிற்கிறது, ஒரு ஸ்பிரிங் அதை இடத்தில் வைத்திருக்கிறது. பாரத்தின் சிறு பங்குதான் உறைக்கு வரும், அதனால்தான் ஆளை இழுத்துக்கொண்டு போகும் கைட்டைக்கூட ஒரு கை தள்ளித் திறக்கிறது. அந்தப் பங்கு கூடிவிட்டால் கதை வேறு. ஊசியின் முனை தேய்ந்தாலும், லூப்பின் காது நசுங்கிப் பருத்தாலும், உறைக்குள் மணல் ஏறினாலும், உப்பு காய்ந்து கட்டியானாலும் உறை இறுகும். பாரமில்லாமல் தள்ளும்போது இதில் எதுவுமே தெரியாது. பாரம் ஏறிய பிறகுதான் தெரியும். என் மேசைக்கு வரும் பார்களில் "நல்லாத்தான் திறக்குது" என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

ஆகவே பெரியப்பாவின் பாடத்தை அப்படியே உத்திரத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் வலக்கையால், பிறகு இடக்கையால், பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு. கடைசியாக உறைக்கு மேல் ஈரமணலை அப்பிவிட்டு. தொங்குகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். கண்ணைக் கட்டியதும் சிரிப்பு நின்றுவிடும். கை ஹார்னஸ் முழுக்கத் தடவும், கொக்கியைப் பிடிக்கும், லூப் திறந்த பிறகும் கைட்டை ஆளோடு கட்டிவைக்கும் லீஷைப் பிடிக்கும், உறையைக் கடைசியில்தான் பிடிக்கும். அந்தத் தடவல் தொங்கும்போது நடந்துவிட்டால் தண்ணீரில் நடக்காது.

உத்திரத்தால் கற்றுக்கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. பயந்தவர் பாரைத் தன் பக்கம் இழுப்பார். விழப்போகிறவர் கையில் அகப்பட்டதை இறுக்குவது மனித இயல்பு. பாரைத் தன் பக்கம் இழுத்தால் கைட்டுக்கு வலு கூடும், வலு கூடினால் ஆள் இன்னும் இறுக்குவார். ரிலீஸ் வரைக்கும் போக, முதலில் அந்தப் பிடியை விட வேண்டும். பாரை விடுவதுதான் முதல் படி, லூப்பைத் திறப்பது இரண்டாவது, லீஷைக் கழற்றுவது மூன்றாவது. மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறைய. காற்று 15 நாட் வேகத்திலிருந்து 30 நாட் வேகத்துக்கு ஏறினால் அதன் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். யோசிக்கக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். ஆழமில்லாத தண்ணீரில், காற்றின் கீழ்ப்பக்கம் முழுதும் திறந்த இடத்தில், கைட் உண்மையாகவே இழுத்துக்கொண்டிருக்கும்போது மாணவர் ஒரு தடவையாவது மூன்று படியையும் செய்து முடிக்க வேண்டும். களப்பு அதற்கென்றே அமைந்த இடம். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. அந்த இடத்தை வைத்துக்கொண்டு காய்ந்த மணலில் பாடம் நடத்துகிறோம்.

லூப் திறந்தால் காரியம் முடிந்தது என்று நினைப்பதும் பிழை. திறந்த பிறகு பார் மொத்தமும் ஒற்றை முன்லைனின் மேலே வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். மற்ற லைன்கள் தளரும், கைட் அந்த ஒரு லைனில் கொடிபோல் படபடத்து வலுவிழக்கும். அந்த ஓட்டத்தைத் தடுப்பது எதுவாக இருந்தாலும் அது ரிலீஸைப் பூட்டிவைப்பதற்குச் சமம். இதைத்தான் நான் அதிகம் சொல்லியிருக்கிறேன், இதைத்தான் குறைவாகக் கேட்கிறார்கள். கைட் சுற்றிச் சுற்றி விழும்போது லைன்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறுக்கும் உராய்வைக் கொஞ்சம் கூட்டுவதோடு நிற்காது, இருந்ததைப் பெருக்கும். ஒன்றிரண்டு முறுக்கில் பார் ஓடிவிடும். அதற்கு மேல் போனால் பாதியில் நிற்கும். ஆள் ரிலீஸைச் சரியாகவே திறந்திருப்பார், கைட் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருக்கும். ஸ்விவலைச் சுழற்றி முறுக்கெடுப்பதை ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் செய்ய வேண்டும். உப்பில் இறுகி அசையாத ஸ்விவலோடு கரையில் திரிகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பத்து விநாடி நல்ல தண்ணீரில் அலம்பியிருந்தால் அது இறுகியிருக்காது. எண்ணெய் போடுகிறார்கள் சிலர், எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் வேண்டாம், நல்ல தண்ணீர் போதும்.

பார் ஓடும் அந்தப் பாதுகாப்பு லைன் தேய்ந்தாலும் அப்படித்தான். மேலுறை பிய்ந்து பஞ்சானால் பாரின் துவாரத்தில் பஞ்சு பிடிக்கும், ஓட்டம் நிற்கும். இந்த லைனை மாற்றச் சொன்னால் "அடுத்த பருவத்தில் பார்க்கலாம்" என்கிறார்கள். அதே ஆட்கள் அதே வாரம் புதிய பலகை வாங்குகிறார்கள். பலகையின் விலையில் அந்த லைன் ஒரு மூலைக்குக்கூட வராது. பாரின் ஓட்டத்தை நிறுத்தும் ஸ்டாப்பரைத் தன் கைக்கு வசதியாகக் கீழே இறக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே பாரை விட்டாலும் அது முழுதாக மேலே போகாது, முதல் படியே கெட்டுவிடும். அலையில் ஓடுவதற்காகக் கொக்கியை எடுத்துவிட்டுக் கயிற்று ஸ்லைடர் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. ஒரு கம்பனியின் லூப், இன்னொரு கம்பனியின் ஹார்னஸ். திறந்த லூப் அந்தக் கயிற்றைவிட்டுத் தடையில்லாமல் உருவி வருகிறதா என்று போட்டவரே தொங்கிப் பார்த்திருக்க மாட்டார். தந்திரம் செய்பவர்கள் லீஷை முதுகுப்பக்கம் மாட்டுகிறார்கள். முன்னால் இருந்தால் கைக்கு அகப்படும் மூன்றாம் படி முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பார்க்கிற மாணவரும் அதையே பழகுகிறார். தந்திரம் தெரியாத மாணவருக்கு முதுகில் லீஷ் எதற்கு?

பூட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபத்தில் ரிலீஸைத் திறக்காமல் காத்திருந்தவர்களிடம் பிறகு பேசிப் பார்த்திருக்கிறேன். உறை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். திறந்தால் தண்ணீரில் திரும்பப் பூட்ட வராது, எல்லோரும் பார்க்க வள்ளம் வந்து தூக்க வேண்டியிருக்கும், கைட் போய்விடும் என்ற தயக்கம்தான் கையைக் கட்டிப்போட்டது. ஆகவே நெஞ்சளவு தண்ணீரில், அலை முகத்தில் அடிக்க, ஒருவர் லூப்பைத் தானே பூட்டப் பழகிவிட்டால் திறக்கவும் துணிவார். திறக்கும் பாடத்தில் பாதி பூட்டும் பாடம். புதிய பார்களில் பூட்டுவது இன்னும் எளிது என்பது உண்மை. எளிது என்பதால் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் எனக்கு விளங்கவில்லை. லீஷைக் கழற்றினால் கைட் போய்விடும் என்ற தயக்கம் இதைவிடப் பெரியது. போகட்டும். கீழ்க்காற்றில் ஆள் இல்லையென்றால் அதை விட்டுவிட்டு நீந்தி வர வேண்டும். கைட்டைக் கடையில் வாங்கலாம் என்பதைப் பயிற்றுநர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொந்தக் கைட்டை வாடகைக்கு விட்ட பயிற்றுநர்கள் அதைச் சொல்லத் தயங்குவதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

கத்தியையும் சொல்லிவிடுகிறேன். ஹார்னஸில் கொக்கிக் கத்தி இருக்கட்டும், எல்லாம் தவறிய பிறகு லைனை அறுக்க அது வேண்டும். அது இருக்கிறதே என்று ரிலீஸைப் படிக்காமல் விடுகிறவருக்குப் பெரியப்பாவைப் போல நானும் கத்தி கொடுக்க மாட்டேன்.

இந்தக் கரையில் கைட் வந்த காலத்தில் பயிற்றுநராக வந்தவர்கள் பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பப் பொடியன்மார். கயிறு இறுகுவது என்றால் என்ன, விடாத கயிறு என்ன செய்யும் என்பது அவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. அதைப் பாடத்திட்டத்தில் யாரும் எழுதத் தேவையிருக்கவில்லை. இப்போது வருகிற பிள்ளைகள் திறமைசாலிகள். ஆங்கிலம் பேசுகிறார்கள், பாயும்போது என்னைவிட மேலே போகிறார்கள். இறுகிய கயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றமில்லை. தொட வைக்காமல் அவர்களுக்குப் பயிற்றுநர் அட்டை கொடுத்தவர்களின் குற்றம். மணிக்கணக்கில் விற்கும் பாடத்தில், மாணவர் தண்ணீரில் வழுக்கிப் போகும் நிமிடம்தான் படமாகிறது, பணமாகிறது. உத்திரத்தில் தொங்கும் நிமிடத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள் என்று முதலாளிகள் முடிவுகட்டிவிட்டார்கள். மாணவர்களிடம் அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். எதற்காகத் தொங்குகிறோம் என்று விளக்கியபோது மறுத்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

தம்பி, உன் மாணவர் கைட்டைக் கையில் வாங்கும் முன், தொங்கியபடி ஒவ்வொரு கையாலும் தனித்தனியே திறந்திருக்க வேண்டும். கண்கட்டோடும் ஈரமணலோடும் திறந்திருக்க வேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் பூட்டியிருக்க வேண்டும். கைட்டை வாங்கிய பிறகு, ஆழமில்லாத இடத்தில், அது இழுக்கும்போது மூன்று படியையும் செய்திருக்க வேண்டும். முறுக்கெடுக்கவும் ஸ்விவலை அலம்பவும் உன் முன்னால் செய்து காட்டியிருக்க வேண்டும். இவற்றை நீ கண்ணால் பார்க்காமல் ஒருவரின் அட்டையில் கையெழுத்துப் போடாதே. இதற்கு ஒரு முழுப் பிற்பகல் போகும். அந்தப் பிற்பகலுக்குக் கட்டணம் கேள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாம் விற்கிறவற்றிலேயே மதிப்பான பொருள் அதுதான்.